அத்தியாயம் 6: இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள் காலை

விண்டோஸுக்கான மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. இலங்கையில் அப்போது இரவு. அமெரிக்காவில் கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கு 10.30, மற்ற மாதங்களில் 11.30. நாம் படுக்கப் போகும் நேரத்தில் வெளிவந்த கோப்பு, புதன் காலை எட்டரைக்கு லப்டொப்பைத் திறந்ததும் இறங்கத் தொடங்குகிறது. காலைக் கூட்டம் ஆரம்பிப்பதும் அந்த நேரத்தில்தான்.

கண்டியில் ஒரு கம்பனியின் கணினிப் பிரிவில் இருப்பவருக்கு அன்றைக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

“தம்பி, காலையில இருந்து நான் பேசுறது யாருக்கும் கேக்குதில்லையாம். வெட்டி வெட்டிப் போகுதாம். நேத்து நல்லாத்தான் இருந்திச்சு.”

“அக்கா, டாஸ்க் மேனேஜரைத் திறங்க. நெட்வேர்க் என்று ஒரு பத்தி இருக்கும், அதன் தலைப்பை ஒரு தடவை அமத்துங்க. கூட எடுக்கிறது மேலே வரும். என்ன பேர் இருக்கு?”

“சேர்விஸ் ஹோஸ்ட், டெலிவரி ஒப்டிமைசேஷன். 7.8 என்று காட்டுது.”

அந்த அக்காவின் வீடு கடுகண்ணாவைக் கணவாயின் மேற்குச் சரிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் வைத்த 4ஜி ரவுட்டருக்கு நல்ல நேரத்தில் கிடைப்பதே 9 மெகாபிட். அதில் 7.8ஐ அப்டேட் எடுத்துக்கொண்டால், மீதியில் கூட்டமும் நடக்க வேண்டும், பிள்ளையின் பாடமும் நடக்க வேண்டும். இதைச் சீராக்க வேண்டியது கம்பனியின் வேலை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் அடிப்படை. இணைப்பு ஊழியருடையது, மாதக் கட்டணம் அவர் கட்டுவது. அதன் வழியாகக் கம்பனியின் கணினிக்கு ஒரு கோப்பு வர வேண்டுமென்றால், அது எப்போது வரும், எந்த வழியாக வரும், எவ்வளவு வரும் என்பதைக் கம்பனிதான் திட்டமிட வேண்டும்.

ரம்புக்கனைக்கு மேலே ரயில் பாதை ஒற்றைப் பாதை என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எதிரே ஒரு ரயில் வந்தால் பலனையில் நின்றுதான் போக வேண்டும். வீட்டு இணைப்பும் அப்படித்தான். பாதையை இரட்டிப்பாக்க நம்மால் முடியாது, நேர அட்டவணையை நம்மால் போட முடியும்.

முதலில் கணக்கு

மாதாந்த அப்டேட் ஒன்று கணினியைப் பொறுத்துச் சில நூறு எம்.பி.யிலிருந்து 1 ஜீ.பி.க்கு மேல் வரை போகும். 1 ஜீ.பி. கோப்பு 8 மெகாபிட் வேகத்தில் இறங்க ஏறத்தாழ 17 நிமிடம் எடுக்கும், 2 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு வீடியோக் கூட்டத்துக்கு 1.5 மெகாபிட் போதும் என்று எடுத்தால், ஒரு மணி நேரக் கூட்டம் 675 எம்.பி. இறக்கும். விண்டோஸ், ஒஃபிஸ், பிரவுசர், வைரஸ் தடுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு லப்டொப்புக்கு மாதம் 2 ஜீ.பி. என்று ஒதுக்கி வைப்பது என் வழக்கம். ஊழியரின் கோட்டாவில் அது மூன்று மணி நேரக் கூட்டத்துக்குச் சமம். இதை எழுதி மேலாளரின் மேசையில் வையுங்கள். டேட்டாக் கொடுப்பனவு கேட்கும்போது இந்தக் கணக்கு உதவும்.

வருடாந்தப் பெரிய பதிப்பு வேறு கணக்கு. அது முழுதாக இறங்கினால் பல ஜீ.பி. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், பழைய லப்டொப்புகளை 11க்கு மாற்றும் வேலை இன்னும் பல இடங்களில் மிச்சம் இருக்கிறது. அந்த மாற்றத்தை ஒருபோதும் வீட்டு 4ஜி இணைப்பில் செய்விக்காதீர்கள்.

ஊழியரிடம் கேட்க வேண்டியவை

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரின் வீட்டு நிலைமையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிலிமத்தலாவைச் சந்திக்கு அருகில் ஃபைபர் இணைப்பில் இருப்பவருக்கும், கணவாய்க்குக் கீழே மலை மறைப்பில் 4ஜி ரவுட்டரை நம்பி இருப்பவருக்கும், ஃபோன் ஹொட்ஸ்பொட்டிலேயே வேலை செய்பவருக்கும் ஒரே விதி பொருந்தாது. என்ன இணைப்பு, மாதக் கோட்டா எவ்வளவு, அதில் இரவுக்கென்று தனியாக ஒதுக்கியது உண்டா, உண்டென்றால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வீட்டில் வேறு யார் அதே இணைப்பில் வேலை செய்கிறார்கள் அல்லது படிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு தாளில் அடங்கும்.

இரவு ஒதுக்கீடு முக்கியம். நம் நாட்டில் பல வீட்டு இணைப்புப் பெக்கேஜ்களில் நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு காலை வரை பயன்படுத்தத் தனி டேட்டா இருந்து வந்திருக்கிறது. பலருக்கு அது மாத முடிவில் தொடப்படாமலே கழிந்துபோகும். அப்டேட்டை அந்த நேரத்துக்குத் தள்ளினால் ஊழியருக்கு ஒரு சதமும் செலவில்லை. அளவில்லாப் பெக்கேஜ் வைத்திருப்பவரிடமும் விசாரியுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனதும் வேகத்தைக் குறைக்கும் விதி பல பெக்கேஜ்களில் உண்டு.

சிக்னலையும் கேளுங்கள், ஆனால் ‘எத்தனை கோடு’ என்று கேட்காதீர்கள். ரவுட்டரின் பக்கத்துக்கு, பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரிக்கு, போனால் சிக்னல் வலிமை மைனஸ் எண்ணில் இருக்கும். மைனஸ் 80, 90 பரவாயில்லை. மைனஸ் 110க்கு அப்பால் போனால் என்ன திட்டம் போட்டாலும் அந்த வீடு திணறும். வீட்டு 4ஜி இணைப்புகள் பல 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசையில் வருகின்றன. அது மலையையும் தடித்த சுவரையும் ஊடுருவுவதில் பலவீனமானது. ரவுட்டரை அறையின் நடுவிலிருந்து கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றியதாலேயே வேகம் கூடிய வீடுகள் உண்டு. செலவில்லாத இந்த ஒரு வேலையை முதலில் செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

லப்டொப்பில் செய்ய வேண்டியது

விண்டோஸில் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று போனால் இரண்டு காரியங்கள் கையில் இருக்கின்றன.

ஒன்று, பின்னணியில் இறங்கும் அப்டேட்டுக்கு வேக வரம்பு. வீதமாகவும் போடலாம், மெகாபிட்டாகவும் போடலாம். சிறிய இணைப்புக்கு மெகாபிட்டில் போடுவதுதான் நல்லது. நாம் பார்த்த 9 மெகாபிட் வீட்டில் வரம்பை 1 மெகாபிட்டாக வைத்தால், 1 ஜீ.பி. இறங்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். ஆனால் கூட்டம் வெட்டாது. யாரும் அந்த அப்டேட்டுக்காகக் காத்திருக்கப்போவதில்லை, அது பகல் முழுதும் மெதுவாக இறங்கட்டும். ஊழியர் தானே ‘செக் ஃபோர் அப்டேட்ஸ்’ பொத்தானை அமத்தித் தொடங்கும் இறக்கத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது, அதற்கு வேறு வரம்பு. இதைச் சொல்லி வைக்காவிட்டால், கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு யாராவது அந்தப் பொத்தானை அமத்துவார்.

மற்றது, மற்றக் கணினிகளுடன் பகிர்வது. ஒரு கணினி இறக்கிய அப்டேட்டின் துண்டுகளைப் பக்கத்துக் கணினி அதனிடமிருந்தே பெற முடியும். இதில் ‘உள்ளூர் வலையமைப்பிலுள்ள கணினிகள் மட்டும்’ என்பதையே தெரிவு செய்யுங்கள். இணையத்திலுள்ள கணினிகளையும் சேர்த்துக்கொண்டால், ஊழியரின் லப்டொப் முன்பின் தெரியாதவர்களுக்கு அப்டேட்டைப் பகிரும். பெரும்பாலான பெக்கேஜ்களில் ஏற்றுவதும் கோட்டாவில் கழியும். போதாததற்கு 4ஜியில் ஏற்றும் பக்கம் எப்போதும் ஒடுக்கம். அது நிரம்பினால் நம் குரல் மற்றவருக்குப் போய்ச் சேராது. ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் வெவ்வேறு கம்பனிகளுக்கு வேலை செய்தாலும், இரண்டு கணினியும் மைக்ரோசொஃப்ட்டிடமிருந்து நேரடியாக அப்டேட் எடுப்பவையாக இருந்தால் இந்தப் பகிர்வு வேலை செய்யும். வி.பி.என். இணைந்திருக்கும் நேரத்தில் பொதுவாக வேலை செய்யாது. நினைவகம் 4 ஜீ.பி.க்குக் குறைந்த பழைய லப்டொப்பிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

கோட்டா மிகவும் குறைந்தவர்களுக்கு வைஃபை இணைப்பின் பண்புகளில் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதை இயக்கிவிடுங்கள். அதன் பிறகு விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்டுகளைத் தானாக இறக்காது, ஒன்ட்ரைவும் தன் ஒத்திசைவை நிறுத்தி வைக்கும். இந்த அமைப்பு ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி. வீட்டில் இயக்கியது அலுவலகத்தில் தடையாக இராது என்பது இதன் நன்மை. ஃபோன் ஹொட்ஸ்பொட்டுக்குத் தனியாக இயக்க வேண்டும் என்பது பலர் மறக்கும் பகுதி. கம்பனிக் கொள்கையில் ‘மீட்டர்ட் இணைப்பிலும் அப்டேட்டைத் தானாக இறக்கு’ என்ற விதி எங்காவது இயங்கிக்கொண்டிருந்தால் ஊழியர் போட்ட இந்த அமைப்பு பயனற்றுப்போகும். ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கணினிகளை மையத்திலிருந்து நிர்வகிக்கும் கம்பனியாக இருந்தால், ஒவ்வொரு வீட்டிலும் இதைக் கையால் செய்யத் தேவையில்லை. குறூப் பொலிசியிலோ இன்டியூனிலோ, பின்னணி இறக்கத்துக்கு நேர வரம்பு போடும் விதி இருக்கிறது. ‘அலுவலக நேரம்’ என்று அது கேட்கும் இடத்தில் எட்டரை முதல் ஐந்து வரை என்று எழுதத் தோன்றும். இலங்கை வீடுகளுக்கு அது சரிவராது. மாலை ஏழிலிருந்து பத்து வரைதான் 4ஜி கோபுரங்களில் நெரிசல் அதிகம், பிள்ளைகளின் டியூஷனும் அந்த நேரத்தில்தான். காலை 7 முதல் நள்ளிரவு 12 வரை என்று போட்டு, அந்த நேரத்தில் 5 வீதம், மற்ற நேரத்தில் 90 வீதம் என்று வையுங்கள். இரவு ஒதுக்கீட்டு டேட்டாவுடன் இது சரியாகப் பொருந்தும்.

இரவில் இறங்க வேண்டுமென்றால் லப்டொப் விழித்திருக்க வேண்டும். மூடியை மூடி வைத்துவிட்டு அப்டேட் இறங்கும் என்று நம்புவது பல மாதிரிகளில் நடக்காது. மின்னில் இணைத்திருக்கும்போது தூங்காமல் இருக்கும்படி பவர் அமைப்பை மாற்றி, திரை மட்டும் அணையும்படி வைத்து, இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள் இரவு அதைத் திறந்தபடி விட்டுப் படுக்கச் சொல்லுங்கள். டாஸ்க் ஷெடியூலரில் இரவு 12.30க்கு அப்டேட்டைத் தேடும் ஒரு பணியைக் கணினிப் பிரிவு போட்டுக்கொடுத்தால், விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு மறுநாள் மதியம் தேடுவதைத் தவிர்க்கலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் பின்னேரத்தில் தொடங்கும் இடி மின்னல் சில நாட்களில் இரவு வரை நீளும். அப்படியான இரவில் ரவுட்டரையும் சார்ஜரையும் கழற்றி வைப்பதுதான் சரி. அப்டேட் வியாழன் இரவு இறங்கட்டும்.

மெக் கணினிகள் இரண்டுக்கு மேல் உள்ள வீட்டில், பகிர்வு அமைப்புகளில் இருக்கும் ‘கொன்டென்ட் காஷிங்’ என்பதை ஒன்றில் இயக்கினால், ஐஃபோன் அப்டேட் உட்பட அப்பிள் சாதனங்களுக்கானது பெரும்பாலும் ஒரு முறைதான் இறங்கும். அன்ட்ரொயிட் ஃபோன்களில் பிளே ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டையும், ஸ்மார்ட் டிவியையும் பார்க்க மறக்க வேண்டாம். ஊழியர் ‘கம்பனி லப்டொப்பால்தான் லைன் போகுது’ என்று சொல்லும் நாட்களில் உண்மையான காரணம் சில வேளை பிள்ளையின் ஃபோனாக இருக்கும்.

வி.பி.என். வழியாகச் சுற்றி வரும் அப்டேட்

ஊழியரின் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் புதன்கிழமை வேலை நின்றுபோகிறது என்றால், அலுவலகத்தின் பக்கம் பாருங்கள். 2020 மார்ச் 20 மாலை நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது, பல நிறுவனங்களிடம் இருந்தது அலுவலகத்துக்குள் எல்லோரும் இருப்பார்கள் என்று நினைத்து அமைத்த ஏற்பாடு. அலுவலகத்தில் டபிள்யு.எஸ்.யூ.எஸ். என்ற அப்டேட் சேர்வர் ஒன்று, வெளியே இருப்பவர் சிலருக்கு வி.பி.என்., வி.பி.என்.னில் வந்தவரின் போக்குவரத்து முழுதும் அலுவலகத்தின் வழியே. பத்துப் பேர் வெளியே இருக்கும்வரை அது தாங்கியது. எல்லோரும் வெளியே போனபோது அப்டேட் ஒவ்வொன்றும் மைக்ரோசொஃப்ட்டிடமிருந்து கண்டிக்கு வந்து, கண்டியிலிருந்து திரும்ப வெளியேறி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போக வேண்டியதாயிற்று. இந்தச் சிக்கல் உலகம் முழுவதற்கும் ஒரே வாரங்களில் வந்தது. விண்டோஸுக்கான விருப்பத் தெரிவு அப்டேட்டுகளை 2020 மே மாதத்திலிருந்து தற்காலிகமாக நிறுத்தி, பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் வெளியிடப்போவதாக மைக்ரோசொஃப்ட் அந்த மார்ச் மாதமே அறிவித்தது.

நாற்பது பேர், ஆளுக்கு 1 ஜீ.பி., அலுவலக இணைப்பின் ஏற்று வேகம் 20 மெகாபிட் என்று எடுத்துக்கொள்வோம். வேறு எந்த வேலையும் நடக்காமல் அப்டேட் மட்டுமே போனாலும் ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். கணக்கியல் மென்பொருளும் கோப்புச் சேர்வரும் அதே வழியில் இருப்பதால், அது ஒரு வேலைநாளின் பாதி.

இதைத் தீர்க்க அலுவலக இணைப்பைப் பெரிதாக்குவது கடைசி வழி. முதல் வழி, அப்டேட்டை வி.பி.என்.னுக்கு வெளியே விடுவது. மைக்ரோசொஃப்ட் தன் அப்டேட் முகவரிகளின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அந்த முகவரிகளுக்கான போக்குவரத்து மட்டும் ஊழியரின் வீட்டிலிருந்து நேரே போகும்படி வி.பி.என்.னில் பிரித்துவிடலாம். பாதுகாப்புப் பொறுப்பாளர் தயங்கினால் அவருக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் உண்டு. விண்டோஸ் அப்டேட் கோப்புகள் டிஜிட்டல் கையொப்பத்துடன் வருகின்றன. நிறுவும் முன் விண்டோஸ் அதைச் சரிபார்க்கிறது. எந்த வழியாக வந்தது என்பதால் கோப்பின் நம்பகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

டபிள்யு.எஸ்.யூ.எஸ்.ஸை விட முடியாத நிறுவனங்களுக்கும் வழி இருக்கிறது. அதன் அமைப்பில் கோப்புகளைச் சேர்வரில் சேமிக்காமல், கணினிகள் மைக்ரோசொஃப்ட்டிடமிருந்தே எடுக்கட்டும் என்று ஒரு தெரிவு உண்டு. எந்த அப்டேட்டுக்கு அனுமதி என்ற முடிவு அலுவலகத்தின் கையில் இருக்கும், கோப்பு மட்டும் நேரே வீட்டுக்குப் போகும். பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில் இருந்தும் அதிகம் கவனிக்கப்படாத தெரிவு இது. ஆனால் வி.பி.என். பிரிக்கப்படாமல் இதை மட்டும் செய்தால் நிலைமை மோசமாகும். ஒரு முறை கண்டிக்கு வந்த கோப்பு நாற்பது முறை வந்து நாற்பது முறை வெளியே போகும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். டபிள்யு.எஸ்.யூ.எஸ்.ஸில் இனிப் புதிய வசதிகள் வராது என்று மைக்ரோசொஃப்ட் 2024 செப்டெம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் புதிதாக அமைப்பவர்கள் நேரே இன்டியூன் போன்றவற்றுக்குப் போவது நல்லது.

நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு

டேட்டாவும் நேரமும் குறையும்போது, அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடும் யோசனை மேலாளர்களிடமிருந்தே வருவதுண்டு. வானாக்ரை என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் 2017 மே 12இல் உலகம் முழுதும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளிவந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. நம் நாட்டிலேயே, 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்க மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவு காப்புப் பிரதி இல்லாததால் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது அந்த ஏப்ரலில் ஆதரவு முடிந்துபோன எக்ஸ்சேஞ்ச் 2013. மூன்று மாதக் கடிதங்கள் போன ஒரு அலுவலகத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். இரவில் 1 ஜீ.பி. இறக்குவது அதைவிட எவ்வளவோ மலிவு.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பதும் ஆபத்துத்தான். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்று, மைக்ரோசொஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. பல கணினிகளைக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது. டிஸ்க் பிட்லொக்கரில் பூட்டியிருந்தால் அதன் மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. ஊழியர்கள் கம்பளையிலும் மாவனல்லையிலும் கடுகண்ணாவையிலும் சிதறியிருக்கும் கம்பனிக்கு இது பெரிய பாடம். பிட்லொக்கர் மீட்புச் சாவிகள் எல்லாம் கணினிப் பிரிவிடம் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

நாற்பது பேரை மூன்று பகுதியாகப் பிரிப்பது இரண்டு பிரச்சினைக்கும் உதவும். கணினிப் பிரிவும் மனமுவந்து முன்வரும் இரண்டு மூன்று பேரும் புதன்கிழமையே எடுக்கட்டும். இவர்கள் நல்ல ஃபைபர் இணைப்பில் இருப்பவர்களாக இருக்கட்டும். மூன்று நாள் கழித்து, வார இறுதியில் ஒரு பாதி. ஏழு நாள் கழித்து மீதி. விண்டோஸ் மாதாந்த அப்டேட்டை 30 நாள் வரை தள்ளி வைக்கக் கொள்கையில் இடமுண்டு, ஆனால் ஏழுக்கு மேல் போக வேண்டாம். தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஓட்டை என்று அறிவிப்பு வந்தால் இந்தக் காத்திருப்பையும் விட்டுவிட வேண்டும். அன்றைக்குக் கூட்டத்தை ஒத்தி வையுங்கள், அப்டேட்டை ஒத்தி வைக்காதீர்கள்.

ஹொட்ஸ்பொட்டில் மட்டும் இருப்பவர்களுக்கும், சிக்னல் அறவே மோசமானவர்களுக்கும் மாதத்தில் ஒரு நாள் லப்டொப்பை அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்வதே நேர்மையான வழி. இரண்டாவது செவ்வாய்க்குப் பிந்திய திங்கள் என்று நாளைக் குறித்துவிடுங்கள், போயா வந்தால் அடுத்த நாள். அன்றைக்கு அலுவலகக் கணினி ஒன்று ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால், வருகிற லப்டொப்புகள் பெரும்பகுதியை அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அலுவலக வலையமைப்புக்குள் 7680 என்ற போர்ட் அடைபட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அன்றைய பஸ் காசைக் கம்பனி கொடுக்க வேண்டும்.

கரண்ட் இல்லாத நாட்களும் வீதி இல்லாத நாட்களும்

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. அந்த ஜூன் மாதம் எரிபொருள் இல்லாமல் அரச ஊழியர்களையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். நீண்ட மின்வெட்டில் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும், லப்டொப்பில் சார்ஜ் இருந்தும் சிக்னல் இராது. கரண்ட் திரும்பிய நிமிடத்தில் ஊரிலுள்ள எல்லாச் சாதனங்களும் ஒன்றாக விழித்து, தவறவிட்டதை எல்லாம் இறக்கத் தொடங்கும். வேலை முடிக்கக் கிடைத்த இரண்டு மணி நேரமும் அதில் போய்விடும்.

இப்படியான வாரங்களுக்கு விண்டோஸில் ‘போஸ்’ பொத்தான் இருக்கிறது, ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். ஒரு வாரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், எந்தத் தேதியில் திரும்ப இயக்க வேண்டும் என்று கணினிப் பிரிவு எழுதி வைக்கட்டும். யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில், மின்வெட்டு அட்டவணை நடைமுறையில் உள்ள நாட்களில், நிறுவலைத் தொடங்கவே வேண்டாம். இறக்குவது பாதியில் நின்றால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுவுவது பாதியில் நின்றால் கணினி எழும்பாமலே போகலாம்.

2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண்சரிந்து உயிர்களைக் காவுகொண்டது, கொழும்பு கண்டி வீதி மூடப்பட்டது. அடுத்த வாரமே டித்வா புயல் வந்தது. அப்படியான நேரத்தில் ஒரு ஊழியரின் இணைப்பு வேலைக்கு முன்பு குடும்பத்துக்குத் தேவை. உறவினரைத் தேடவும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எச்சரிக்கைகளைப் பார்க்கவும், ஃபோனில் சார்ஜ் உள்ளவரை பேசவும் அந்த ஒடுங்கிய இணைப்புத்தான் இருக்கிறது. அதனால் கணினிப் பிரிவிடம் ஒரு அவசரக் கொள்கை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பகுதியிலுள்ள கணினிகளைத் தனிக் குழுவாக வைத்து, ஒரே கட்டளையில் அவற்றின் அப்டேட்டையும் கோப்பு ஒத்திசைவையும் நிறுத்தக்கூடியதாக அது இருக்கட்டும். இணைப்பு விழுந்த பிறகு அனுப்பும் கட்டளை லப்டொப்புக்குப் போய்ச் சேராது. மண்சரிவு அபாயம் பற்றிய முன்னெச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. ஊழியர்களின் பட்டியலையும் அதே பிரிவு வாரியாக வைத்திருந்தால், எச்சரிக்கை வந்த பின்னேரமே கட்டளையை அனுப்பிவிடலாம்.